சுமை இல்லாத பாடம்: பழனி வின்ச்சை முன்வைத்து பி.எல்.சி. வகுப்புகள் பற்றி

பி.எல்.சி. கற்றுத்தரும் பாடங்களில் ஐந்தாறு உதாரணங்கள் மாறவே மாறாது. போக்குவரத்து விளக்கு, தண்ணீர்த் தொட்டி, பாட்டில் நிரப்பும் கன்வேயர், மூன்று மாடி லிஃப்ட், ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர். டிப்ளமோ பாடப்புத்தகமாக இருக்கட்டும், கோவையிலும் சென்னையிலும் கட்டணம் வாங்கி நடத்தும் குறுகியகாலப் பயிற்சியாக இருக்கட்டும், தமிழில் வரும் யூடியூப் பாடமாக இருக்கட்டும், பெரும்பாலும் இதே வரிசைதான். அதற்கு அடுத்த அத்தியாயம் 'டிரைவ்'. அதில் ஒரு சின்ன மோட்டார், ஒரு வி.எஃப்.டி., வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு குமிழ். குமிழைத் திருகினால் மோட்டார் வேகமாகச் சுற்றும், திரும்பத் திருகினால் மெதுவாகச் சுற்றும். அத்தோடு சான்றிதழ்.

இந்தப் பாடங்கள் தப்பானவை என்று நான் சொல்லவில்லை. சொல்லித்தருவதெல்லாம் சரிதான். ஆனால் அந்த மோட்டாரின் தண்டில் ஒன்றுமே மாட்டியிருக்காது. சுமை இல்லாத மோட்டார் நல்ல பிள்ளை மாதிரி; என்ன பாராமீட்டர் போட்டாலும் கேட்டுக்கொள்ளும், எதிர்த்துப் பேசாது. மோட்டார் எப்போது எதிர்த்துப் பேசும் என்பதுதான் டிரைவ் பாடத்தின் பாதி. அந்தப் பாதி நம் வகுப்பறைகளில் கிடையாது என்பதே இந்தக் கட்டுரையின் குறை.

குறையை வெறுமனே சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அதனால் எல்லாரும் பார்த்திருக்கக்கூடிய ஒரு எந்திரத்தை எடுத்துக்கொள்வோம். பழனி மலையில் ஓடும் வின்ச்.

வின்ச் என்ன கேட்கிறது

பழனி தண்டாயுதபாணி கோயிலுக்கு ஏறத்தாழ 690 படிகள். ஏற முடியாதவர்களுக்காக 1966 முதல் மின் இழுவை ரயில் ஓடுகிறது. ஊரில் எல்லாரும் 'வின்ச்' என்றுதான் சொல்வார்கள். இன்றைக்கு மூன்று பாதைகள் இருக்கின்றன. 2004-ல் ரோப் கார் வந்தது. வின்ச்சில் மேலே போக எட்டு நிமிடம்போல ஆகும், ரோப் காரில் மூன்று நிமிடம். காற்று பலமாக அடித்தால் ரோப் காரை நிறுத்திவிடுவார்கள். வருடத்துக்கு ஒருமுறை நீண்ட பராமரிப்புக்காக நிறுத்தும் செய்தியும் தவறாமல் பத்திரிகையில் வரும்.

உள்ளே எந்தக் கம்பெனி டிரைவ், எந்தக் கம்பெனி பி.எல்.சி. என்பது நமக்கு முக்கியமில்லை. சரிவில் ஒரு பெட்டி, அதில் ஆட்கள், அதை ஒரு கம்பிவடம் இழுக்கிறது. இந்த மூன்று விஷயம் போதும். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் நான் உதாரணத்துக்கு வைத்தவை, பழனியில் அளந்தவை அல்ல.

பெட்டியும் ஆட்களும் சேர்த்து 5 டன், சரிவு 30 டிகிரி, வேகம் வினாடிக்கு 1 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சரிவின் வழியே கீழ்நோக்கி இழுக்கும் விசை எடையில் பாதி, அதாவது சுமார் 24,500 நியூட்டன். வினாடிக்கு 1 மீட்டர் ஏற்ற 24.5 கிலோவாட் வேண்டும். உராய்வையும் கியர்பாக்ஸ் இழப்பையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் கூடும். இதுவரை வகுப்பில் சொல்லித்தருவார்கள். மோட்டார் எத்தனை கிலோவாட் என்று தேர்ந்தெடுக்கும் கணக்கு இது.

இனி அதே பெட்டி கீழே இறங்கட்டும். இப்போது யார் யாரைச் சுழற்றுகிறார்கள்? பெட்டிதான் மோட்டாரைச் சுழற்றுகிறது. மோட்டார் ஜெனரேட்டராகிவிடுகிறது. உராய்வு தின்றதுபோக ஒரு 20 கிலோவாட் டிரைவை நோக்கித் திரும்பி வரும். சாதாரண வி.எஃப்.டி.யின் முன்பகுதி டயோடுகளால் ஆனது. அது ஒருவழிப் பாதை. திரும்பி வரும் மின்சாரத்தை ஈ.பி. லைனுக்குத் தள்ள அதால் முடியாது. அப்படியானால் அந்த 20 கிலோவாட் எங்கே போகும்? டிரைவுக்குள் இருக்கும் டி.சி. கெப்பாசிட்டரில் ஏறும்.

415 வோல்ட் மூன்று பேஸ் மின்சாரத்தை நேர்மின்னாக்கினால் டி.சி. பஸ்ஸில் சுமார் 587 வோல்ட் இருக்கும். 800 வோல்ட் பக்கம் போனால் இந்த வகை டிரைவுகள் 'ஓவர் வோல்டேஜ்' என்று சொல்லி நின்றுவிடும். கெப்பாசிட்டர் 5,000 மைக்ரோ ஃபாரட் என்று வைத்தால், 587-லிருந்து 800 வரை அது விழுங்கக்கூடிய ஆற்றல் சுமார் 740 ஜூல். வினாடிக்கு 20,000 ஜூல் வந்துகொண்டிருக்கும்போது 740 ஜூல் எத்தனை நேரம் தாங்கும்? 37 மில்லி விநாடி. உங்கள் பி.எல்.சி. ஒரு ஸ்கேனுக்கு 10 மில்லி விநாடி எடுத்துக்கொண்டால், அது மூன்று, நான்கு முறை புரோகிராமைப் படித்து முடிப்பதற்குள் டிரைவ் நின்றுவிட்டது.

டிரைவ் நின்றால் மோட்டாரில் திருப்புவிசை இல்லை. பெட்டி? அது நிற்கவில்லை. சரிவில் இருக்கிறது.

குமிழைத் திருகிப் பழகிய மாணவனுக்கு இந்த இடம் வந்ததே இல்லை. அவனுக்குத் தெரிந்த 'நிறுத்தம்' என்பது ஸ்டாப் பட்டனை அழுத்தினால் மோட்டார் சுற்றிச் சுற்றி ஓய்ந்து நிற்பது. மின்விசிறிக்கும் பம்புக்கும் அது சரி. தொங்கும் சுமைக்கு நிறுத்துவதுதான் ஓட்டுவதைவிடக் கஷ்டமான வேலை.

இதற்கான பதில் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஒன்று, பிரேக்கிங் ரெசிஸ்டர் வைத்து அந்த ஆற்றலைச் சூடாக எரிப்பது. இரண்டு, ஆற்றலை லைனுக்கே திருப்பி அனுப்பும் ரீஜெனரேட்டிவ் டிரைவ் வைப்பது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். பல டிரைவுகளில் ஓவர் வோல்டேஜ் வராமல் தடுக்க, வேகம் குறைக்கும் நேரத்தைத் தானாகவே நீட்டிக்கொள்ளும் ஒரு வசதி உண்டு. மின்விசிறியில் அது வரம். இறங்கும் பெட்டியில் அதே வசதி, பிடித்து நிறுத்த வேண்டிய நேரத்தில் பிடியைத் தளர்த்துகிறது. ஒரே பாராமீட்டர் ஒரு எந்திரத்தில் காப்பாற்றும், இன்னொன்றில் கவிழ்க்கும். மேனுவலில் இரண்டு வரியில் முடிந்துவிடும் இந்த வித்தியாசம், சுமை இல்லாத மோட்டாரில் ஆயிரம் தடவை ஓட்டினாலும் புலப்படாது.

ரோப் கார் இதைவிட நல்ல பாடம். ஒரு பக்கம் பெட்டிகள் ஏறும்போது மறுபக்கம் இறங்குகின்றன. இரண்டு பக்கத்துக்கும் உள்ள எடை வித்தியாசத்தை மட்டும் மோட்டார் சுமந்தால் போதும். காலையில் கூட்டம் மேலே போகிறது, இறங்கும் பெட்டிகள் காலி, மோட்டார் இழுக்கிறது. சாயங்காலம் தரிசனம் முடிந்து கூட்டம் இறங்குகிறது, ஏறும் பெட்டிகள் காலி. மோட்டார் பிடித்து நிறுத்துகிறது. அதே எந்திரம், அதே திசை, அதே வேகம். ஆனால் மின்சாரம் பாயும் திசை தலைகீழ். 'நான்கு கால்பகுதி இயக்கம்' என்று பாடத்தில் ஒரு பட்டம் போலக் கோடு போட்டு வரைந்துவிட்டுப் போகிற விஷயத்தை, அடிவாரத்தில் நின்று ஒரு நாள் பார்த்தாலே புரிந்துகொள்ளலாம்.

பிரேக் யாருடைய வேலை

மேலே சொன்ன கணக்கில் பெட்டி கீழே ஓடாமல் காப்பாற்றுவது மெக்கானிக்கல் பிரேக். இந்த வகைப் பிரேக்குகளில் ஸ்பிரிங் அழுத்திப் பிடித்திருக்கும். மின்சாரம் கொடுத்தால்தான் விடும். கரண்ட் போனால் தானாகப் பிடித்துக்கொள்ளும். நல்ல யோசனை. ஆனால் பிரேக்கும் டிரைவும் ஒன்றுக்கொன்று கை மாற்றிக்கொள்ள வேண்டும். அந்தக் கைமாற்றம்தான் பி.எல்.சி. புரோகிராமின் உயிர்.

புறப்படும்போது: முதலில் டிரைவ் மோட்டாரில் திருப்புவிசையை உண்டாக்க வேண்டும். அது உண்மையிலேயே உண்டானதா என்று சரிபார்க்க வேண்டும். பிறகு பிரேக்கை விடச் சொல்ல வேண்டும். பிரேக் விட்டதா என்பதை அதிலுள்ள சுவிட்ச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் வேகம். நிற்கும்போது: வேகத்தைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து அங்கேயே பிடித்திருக்க வேண்டும், பிரேக் பிடிக்க வேண்டும், பிடித்ததை உறுதிசெய்த பிறகே டிரைவ் கையை எடுக்க வேண்டும். இந்த வரிசையில் ஒரு படி முன்பின் ஆனால் பெட்டி ஒரு அடி பின்னால் வழுக்கும். பயணிகள் 'ஐயோ' என்பார்கள். அது லேசான தண்டனை.

இதை நம் வகுப்புகளில் எப்படி எழுதச் சொல்லித்தருகிறார்கள்? டைமர். 'ஸ்டார்ட் அழுத்திய இரண்டு விநாடி கழித்து பிரேக் ரிலீஸ்.' சிமுலேட்டரில் பச்சை விளக்கு எரியும், எல்லாம் சரியாக ஓடும். டைமருக்கு உலகத்தில் என்ன நடந்தது என்று தெரியாது. நேரம் போனது மட்டும்தான் தெரியும். பிரேக் லைனிங் தேய்ந்திருந்தாலும், சுருள் எரிந்திருந்தாலும், இரண்டு விநாடி ஆனதும் அது 'சரி, ஆச்சு' என்று சொல்லிவிடும். நடந்ததா என்று கேட்கும் புரோகிராமுக்கும் நேரமாச்சா என்று கேட்கும் புரோகிராமுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு மாணவன் உணர்ந்துவிட்டால் பாதி எஞ்சினியர் ஆகிவிட்டான் என்பேன்.

அவசர நிறுத்தம் இன்னொரு விஷயம். அந்தச் சிவப்புக் காளான் பட்டனைப் பல பயிற்சி பெஞ்சுகளில் பி.எல்.சி.யின் ஒரு இன்புட்டில் மட்டும் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். ஏன் அதில் 'நார்மலி குளோஸ்ட்' தொடர்பு, ஏன் அது பி.எல்.சி.யை நம்பாமல் நேராகப் பாதுகாப்பு ரிலேவுக்கும் போக வேண்டும் என்பதற்கு 'ஸ்டாண்டர்டு சார்' என்ற பதிலோடு பாடம் முடிந்துவிடுகிறது. காரணம் எளிது. ஒயர் அறுந்தாலும் எந்திரம் நிற்க வேண்டும், ஓடக் கூடாது. அத்துடன் இன்னொன்று: இன்றைய டிரைவுகளில் 'எஸ்.டி.ஓ.' என்ற பாதுகாப்பு வசதி இருக்கிறது. அது மோட்டாரின் திருப்புவிசையை உடனே வெட்டிவிடும். கன்வேயரில் அது பாதுகாப்பு. சரிவில் நிற்கும் பெட்டிக்குத் திருப்புவிசையை மட்டும் வெட்டி, பிரேக்கைப் பற்றி யோசிக்காமல் விட்டால், அதுவே ஆபத்து.

2007 ஆகஸ்டில் பழனி ரோப் காரில் நடந்த விபத்தில் பக்தர்கள் உயிரிழந்தார்கள். அதன் காரணங்களை அலசுவது இந்தக் கட்டுரையின் வேலை இல்லை. அதை டிரைவோடு முடிச்சுப் போடவும் இல்லை. சொல்ல வருவது இவ்வளவுதான்: இந்த வகை எந்திரங்களில் தப்பு நடந்தால் சேதம் ஃபியூஸோடு நிற்காது. அப்படிப்பட்ட எந்திரங்களைப் பராமரிக்கப் போகிறவர்களுக்கு நாம் போக்குவரத்து விளக்கை வைத்துப் பாடம் நடத்துகிறோம்.

மலைக்கு மேலே இன்னொரு மோட்டார்

சுமை என்றால் எடை மட்டும்தானா? இல்லை. பழனியிலிருந்து மலைப்பாதையில் சுமார் 65 கிலோமீட்டர் ஏறினால் கொடைக்கானல். 1899-ல் அங்கே செயல்படத் தொடங்கிய சூரிய ஆய்வகத்தில், சுரங்கத் தொலைநோக்கி ஒன்று 1960 வாக்கில் வந்தது. 11 மீட்டர் உயரக் கோபுரத்தில், 60 சென்டிமீட்டர் விட்டமுள்ள மூன்று கண்ணாடிகள். சூரியன் நகர நகர அதைத் தொடர்ந்து ஒளியைக் கீழே 60 மீட்டர் நீளச் சுரங்கத்துக்குள் அனுப்புகின்றன. இந்தக் கண்ணாடி அமைப்புக்கு சீலோஸ்டாட் என்று பெயர்.

கண்ணாடி ஒரு டிகிரி திரும்பினால் எதிரொளிக்கும் கதிர் இரண்டு டிகிரி திரும்பும். அதனால் சூரியனைத் தொடரும் கண்ணாடி பூமியின் வேகத்தில் பாதி வேகத்தில் சுற்றினால் போதும். ஒரு சுற்றுக்கு 48 மணி நேரம். நிமிடத்துக்கு 1,440 சுற்று சுற்றும் சாதாரண மோட்டாரை இதற்கு மாட்டுவதாக வைத்தால், கியர் விகிதம் 41 லட்சத்துக்கு 1 வேண்டியிருக்கும். இங்கே எடை பெரிய பிரச்சினை இல்லை, சீரான வேகம்தான் பிரச்சினை. அங்குள்ள லென்ஸின் குவியத்தூரம் 36 மீட்டர். சுரங்கத்தில் விழும் சூரியனின் பிம்பம் 34 சென்டிமீட்டர் போல இருக்கும். கண்ணாடி நின்றுவிட்டால் அந்தப் பிம்பம் விநாடிக்கு இரண்டரை மில்லிமீட்டருக்கும் மேல் ஓடிவிடும். கியர் பற்களுக்கு நடுவே தலைமுடி அளவு இடைவெளி இருந்தாலும் பிம்பம் தடுக்கித் தடுக்கி நகரும். சூரியனைக் கீற்றுக் கீற்றாக வருடிப் படமெடுக்கும் பழைய கருவிகள் இதே ஆய்வகத்தில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வேலை செய்தன. அந்த வகைக் கருவியில் வருடும் வேகம் சீராக இல்லையென்றால் படத்தில் கோடு விழும், வட்டம் நசுங்கும். எந்திரத்தின் குணம் அப்படியே படத்தில் பதிவாகிவிடும்.

தொலைநோக்கிகளுக்கு மோட்டார் வருவதற்கு முன் அவற்றைச் சுற்றியது எது தெரியுமா? கயிற்றில் தொங்கும் ஒரு எடை. அது மெல்ல இறங்கும், அது வேகமாக இறங்கிவிடாமல் சுழலும் குண்டுகள் கொண்ட ஒரு கவர்னர் பிடித்து நிறுத்தும். யோசித்துப் பார்த்தால் அதுவும் இறங்கும் வின்ச்தான். கீழே விழத் துடிக்கும் எடையை ஒரே வேகத்தில் விழவைப்பது. பழனி அடிவாரத்துக் கேள்வியும் கொடைக்கானல் உச்சியின் கேள்வியும் ஒன்றுதான்: சுமை உன்னை இழுக்கும்போது நீ சொன்ன வேகத்தில் நிற்க முடியுமா?

ஒரே மலைத்தொடரில், பஸ்ஸில் போய்ப் பார்த்துவிடக்கூடிய தூரத்தில், டிரைவ் பாடத்தின் இரண்டு எல்லைகளும் இருக்கின்றன. நம் பாடப்புத்தகங்களில் இரண்டுமே இல்லை.

லேடர் யாருக்காக வந்தது

இந்தக் கோளாறுக்கு ஒரு சரித்திரக் காரணம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. 1968-ல் ஜெனரல் மோட்டார்ஸின் ஹைட்ராமேட்டிக் பிரிவு, ரிலே பேனல்களுக்கு மாற்று வேண்டும் என்று கேட்டது. டிக் மோர்லியும் அவருடைய கூட்டாளிகளும் செய்த 'மோடிகான் 084' அதற்கு வந்த பதில். அதன் மொழியாக லேடர் இருந்ததற்குக் காரணம், ஆலையில் இருந்த எலக்ட்ரீஷியன்களுக்கு ரிலே வரைபடம் ஏற்கெனவே படிக்கத் தெரியும் என்பது. அவர்கள் அந்த எந்திரங்களோடு பல வருடம் குடித்தனம் நடத்தியவர்கள். எந்தக் காண்டாக்டர் ஒட்டிக்கொள்ளும், எந்த பிரேக் மழைக்காலத்தில் வழுக்கும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. அவர்களுக்கு மாறியது காகிதம் மட்டும்தான்.

நாம் செய்தது என்ன? எந்திரத்தைப் பார்க்காத பிள்ளைகளிடம் அந்தக் காகிதத்தை மட்டும் கொடுத்துவிட்டோம். எந்திரம் தெரிந்தவனுக்காக உண்டான மொழியை, எந்திரத்துக்குப் பதிலாகக் கற்றுத்தருகிறோம்.

எதிர்வாதம் எனக்குத் தெரியும். சிமுலேட்டர் இலவசம். கோடெசிஸ், ஓபன் பி.எல்.சி. போன்றவற்றை ஒட்டன்சத்திரத்தில் இருக்கும் ஒரு பையன் பழைய லேப்டாப்பில் போட்டு ராத்திரியில் பழகலாம். தப்புச் செய்தால் யாருக்கும் அடிபடாது. முப்பது வருடத்துக்கு முன் இதைக் கனவிலும் நினைத்திருக்க முடியாது. இதெல்லாம் உண்மை, நான் மறுக்கவே மாட்டேன். வரிசைத் தர்க்கம் பழக சிமுலேட்டரைவிட நல்ல வாத்தியார் இல்லை. ஆனால் தப்பே வலிக்காத இடத்தில் தர்க்கம் மட்டும்தான் வரும். நீச்சல் புத்தகம் படித்தவனைக் கிணற்றில் இறக்க வேண்டிய நாள் ஒன்று வரத்தானே வேண்டும்? அந்த நாள் வேலைக்குப் போன முதல் வாரமாக இருக்கக் கூடாது, படிக்கும்போதே வர வேண்டும் என்கிறேன்.

அரசுப் பக்கமும் சும்மா இல்லை. டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.களைத் தொழில் 4.0 மையங்களாக மாற்றும் திட்டம் வந்தது. கருவிகள் வரட்டும், சந்தோஷம்தான். கேள்வி, தேர்வில் என்ன கேட்கிறோம் என்பது. 'பி.எல்.சி.யின் பகுதிகளைப் படம் வரைந்து விளக்குக' என்று கேட்டுக்கொண்டிருக்கும்வரை, எத்தனை கோடிக்குக் கருவி வாங்கினாலும் பையன் படம்தான் வரைவான். 'இறங்கும் சுமையில் டிரைவ் ஓவர் வோல்டேஜ் காட்டி நின்றது. முதலில் எதை அளப்பாய், ஏன்?' என்று கேட்டுப் பாருங்கள். வாத்தியாரே பெஞ்சுக்குப் போக வேண்டியிருக்கும்.

பெஞ்சுக்கும் பெரிய செலவில்லை. ஒரு கியர் மோட்டார், பிரேக்குடன். ஒரு சின்ன டிரம், கயிறு, கப்பி. இருபது கிலோ எடைக்கல், அதைச் சுற்றிக் கம்பிவலைக் கூண்டு. பிரேக்கில் ஒரு ஃபீட்பேக் சுவிட்ச், கழற்றி மாட்டக்கூடிய ஒரு பிரேக்கிங் ரெசிஸ்டர். ரெசிஸ்டரைக் கழற்றிவிட்டு எடையை வேகமாக இறக்கச் சொல்லுங்கள், டி.சி. பஸ் வோல்டேஜ் ஏறுவதைத் திரையில் பார்க்கட்டும். பிரேக் சுவிட்சின் ஒயரைப் பிடுங்கிவிடுங்கள். டைமர் வைத்து எழுதியவனின் புரோகிராம் என்ன செய்கிறது, ஃபீட்பேக் வைத்து எழுதியவனின் புரோகிராம் என்ன செய்கிறது என்று பார்க்கட்டும். இரண்டு மணி நேரம் போதும். பழனி தேவஸ்தானமே ஊரில் கல்லூரிகள் நடத்துகிறது. வருடாந்தரப் பராமரிப்புக்கு ரோப் கார் நிற்கும் நாட்களில் மாணவர்களை அழைத்துப்போய் வடத்தையும் பிரேக்கையும் காட்டினால் அதைவிட நல்ல பாடப்புத்தகம் தமிழ்நாட்டில் கிடையாது.

பி.எல்.சி. படிக்கப் பணம் கட்டப் போகிற தம்பி, தங்கைகளுக்கு ஒன்று. எத்தனை பிராண்டு சொல்லித்தருவீர்கள், வேலை வாங்கித் தருவீர்களா என்று கேட்கிறீர்கள். கேளுங்கள். அதோடு இதையும் கேளுங்கள்: 'உங்க லேப்ல எடை தொங்குற மோட்டார் ஒண்ணாவது இருக்கா?' பதில் சொல்ல அவர்கள் எடுத்துக்கொள்ளும் நேரத்திலேயே பாதி தெரிந்துவிடும்.